கருடசேவைக்கு மறுநாள் சிரித்தது

நயினாரே,

இன்று காலை வேலியில் படர்ந்திருந்த கோவைக்கொடியைப் பிடுங்கினேன். ஆடு கட்ட இடமில்லை என்று வீட்டுக்காரி இரண்டு நாளாகப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். இலை கசங்கி உள்ளங்கை பச்சையானதும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னா, பாம்பா?" என்றாள்.

"இல்லடி. சிலேட்டு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. மிச்சக் கொடியை அவளே பிடுங்க ஆரம்பித்தாள். அவள் திட்டாமல் வேலை செய்தாள் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

திருப்பருத்திக்குன்றத்திலிருந்து நீ நடந்து வந்து எங்கள் தெருக்கோடிப் புங்கமரத்தடியில் உட்காரும் நேரம் எல்லோருக்கும் தெரியும். எழுந்து போகும் நேரம் அதைவிட நன்றாகத் தெரியும். இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும், சமணர் வீட்டு வழக்கம் அது. பொழுது சாய ஆரம்பித்தால் போதும், தறியை விட்டு வந்த அலுப்பெல்லாம் மறந்து உன்னைப் பிடித்துக்கொள்வேன்.

"நயினாரே, மேகம் மூடிக்கினா இன்னா பண்ணுவே? சூரியன் இருக்குதா போயிடுச்சான்னு வயித்தைக் கேப்பியா?"

"என் வயிறு ஒழுங்கானது முதலியாரே. எப்ப மூடணும்னு அதுக்குத் தெரியும். உன் வாய்க்குத்தான் தெரியல."

இப்படித்தான் எத்தனையோ வருஷம் ஓடியது.

உனக்குக் காது எப்போது மந்தமானது என்று யாருக்கும் தெரியாது. முதலில், மற்றவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு நீ சிரித்தாய். நயினாருக்கு எருமை வேகத்தில்தான் புரிகிறது என்று அதையும் கேலி செய்தேன். அந்தக் கேலியே உன் காதில் விழவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. பிறகு கத்திப் பேசிப் பார்த்தேன். கேலியைக் கத்திச் சொன்னால் அது கேலியாக இருப்பதில்லை. ஒருநாள் வழியில் போன ஒருவர் வண்டியை நிறுத்தி, "பெரிய மனுசங்க, இன்னாத்துக்குப்பா இப்படி அடிச்சிக்கிறீங்க?" என்று சமாதானம் பேச இறங்கிவிட்டார்.

நீதான் வழி கண்டுபிடித்தாய். ஒரு சிலேட்டும் பலப்பமும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாய். "எழுதிக் காட்டுப்பா. கண்ணு நல்லாத்தான் இருக்குது."

நீயோ உங்கள் கோயில் ஏடுகளைப் பார்த்து முத்து முத்தாகக் காகிதத்தில் பெயர்த்து எழுதுகிறவன். நான் எழுத்துக் கூட்டப் படித்ததுமே அப்பா தறிக்குழியில் இறக்கிவிட்டார். கையெழுத்துப் போடுவேன், கடைப்பலகை படிப்பேன், அவ்வளவுதான். வாயால் ஊரையே கிண்டல் பண்ணுகிறவன், நாலு பேர் எதிரில் எழுத்துக்கூட்டிக்கொண்டு உட்காருவதா? கை வலிக்கிறது என்று சைகை காட்டினேன். மறுநாள் தலைவலி என்று காட்டினேன். அதற்கும் மறுநாள் உன் கண்ணில் படாமல் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

மழைக்காலம் போய்க் கோடையும் வந்தது. நீ வருவதை நிறுத்தவில்லை. வெறும் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வாய்களையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

அந்த வருஷம் கருடசேவைக்கு மறுநாள், கூட்டத்தில் பார்த்த எதையோ நான் சொன்னேன். மரத்தடியே புரண்டது. தினமும் என் பக்கத்தில் உட்காரும் மேஸ்திரி தரையை அடித்து அடித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டார். நீ என் முழங்காலைத் தட்டினாய்.

"இன்னாப்பா சொன்னே? எனக்கும் சொல்லேன்."

ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். நீ சிலேட்டை நீட்டினாய். நான் பார்க்காத மாதிரி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினேன்.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் மேஸ்திரி வரவில்லை. அவருடைய மகள் பிரசவத்தில் போய்விட்டாள் என்று ஆள் வந்து சொன்னான். நான் தூக்கி வளர்த்த பெண். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டேன், தோள் குலுங்கியது. நான் சிரிப்பை அடக்குகிறேன் என்று நீ நினைத்துவிட்டாய். எங்களோடு சேர்ந்துகொள்ளும் ஆசையில் வாய்விட்டுச் சிரித்தாய்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ ஒவ்வொரு முகமாகப் பார்த்தாய். பிறகு சிலேட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாய். வெயில் இன்னும் நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு நீ வரவில்லை. நான் சாயபு கடைக்குப் போனேன்.

"பேரப்பிள்ளைக்கா முதலியாரே?"

"ஆமா சாயபு. பையன் கொஞ்சம் மக்கு. பெரிய சிலேட்டா குடு."

நூலை இழை இழையாகப் பிரிக்கிற விரலுக்குப் பலப்பம் அடங்கவில்லை. காலையில் உட்கார்ந்தவன் எழுந்தபோது உச்சி வெயில். உன் வீட்டுக்கு நடந்து வந்து சிலேட்டை நீட்டினேன். 'வா. உன்னைக் கேலி பண்ணாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.'

நீ அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாய். "இன்னாப்பா கையெழுத்து இது? கோழி கெளறினாப்பல இருக்குது!" உன் குரல் உனக்குக் கேட்காததால் தெருவுக்கே கேட்டது. நாலு கதவு திறந்தது. வெட்கத்தில் செத்திருக்க வேண்டியவன், பலப்பத்தை எடுத்து அடியில் எழுதினேன்: 'கோழி தின்னாத வீட்டில் கோழியைப் பற்றி இவ்வளவு தெரியுமா?'

நீ சிரித்தாய். இந்தத் தடவை சரியான இடத்தில்.

ஆனால் எழுதிக் கேலி பண்ணுவது எவ்வளவு கஷ்டம்! பாதி எழுதும்போதே எதிரிலிருந்து தலைகீழாகப் படித்துச் சிரித்துவிடுவாய். எனக்குக் கோபம் வரும். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு எழுதுவேன். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். "மிச்சத்தை வீட்ல எழுதிக்கினு வா" என்று எழுந்து போவாய். அப்படித்தான் வீட்டில் எழுத ஆரம்பித்தேன். முதலில் நாலு நாள் எழுதினால் மூன்று நாள் ஏமாற்றினேன். அப்போதுதான் நீ சொன்னாய், "நான் பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடறேன். நீ சாப்பிடறதுக்குள்ள எழுது."

அன்றிலிருந்து எழுதாமல் இலையில் கை வைத்ததில்லை. வீட்டுக்காரிதான், "ஆறிப்போன சோத்தைத் திங்கறதுக்கா இந்த வயசுல படிப்பு? சீக்கிரம் எழுதிட்டு வந்து தொலையேன்" என்று கத்துவாள். எழுதுவேன், உனக்குக் காட்டுவேன், கோவை இலையால் துடைப்பேன், மறுபடி எழுதுவேன். ஒன்றும் மிஞ்சவில்லை.

கை நன்றாக ஓட ஆரம்பித்த ஒரு நாள் நீ கேட்டாய். "அந்தக் கருடசேவைக்கு மறுநாள் இன்னாதான் சொன்னே? மேஸ்திரி சிரிச்சி சிரிச்சி அழுதாரே?"

சிலேட்டை வாங்கினேன். பலப்பத்தை வைத்தேன். ஒன்றும் வரவில்லை. தலையைச் சொறிந்தேன், கண்ணை மூடினேன். கடைசியில் 'மறந்துபோச்சு' என்று எழுதினேன். நீ படித்துவிட்டு, "பரவால்லப்பா" என்று உன் கையாலேயே துடைத்தாய்.

தை மாதம் காய்ச்சலில் படுத்தபோது இன்னொரு தரம் கேட்டாய், "நெனப்பு வந்துச்சா?" நான் தலையாட்டினேன், இல்லையென்று. அந்தக் காய்ச்சலிலிருந்து நீ எழுந்திருக்கவில்லை.

அந்த மழைக்காலத்தையும் கோடையையும் வீணாக்கியது நான்தான். எழுதத் தெரியாமல் இல்லை, நயினாரே. அசிங்கமாக எழுதத் துணிச்சல் இல்லை. கோழி கிளறினாற்போல இருந்தாலே உனக்குப் போதும் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போதும் சாப்பிடுமுன் எழுதுகிறேன். சிலேட்டில் இல்லை, காகிதத்தில், துடைக்க முடியாதபடி. முந்தின நாள் மரத்தடியில் யார் என்ன சொன்னார், எதற்குச் சிரித்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். ஒன்றும் இல்லாத நாளில், எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம் என்றாவது எழுதிவிட்டுத்தான் சோற்றுக்குக் கை கழுவுகிறேன்.

அந்த ஒன்றை மட்டும் எழுத முடியவில்லை. உனக்குச் சொல்வதற்காகவே மரத்தடி ஆட்களை ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் யானை கதை என்றார், ஒருவர் குடைக்காரன் கதை என்றார். மேஸ்திரி என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, "அப்படியா சிரிச்சோம்?" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தவர்களில் ஒருவருக்கும் நினைவில்லை. காதில் விழாத உனக்கு மட்டும்தான் அது கடைசிவரை நினைவிருந்தது.