கழுத்துக் கட்டியும் வடமதுரை சம்பந்தமும்

செவ்வாய், இரவு.

என் கழுத்துக் கட்டி புற்றுநோயா இல்லையா என்று ஊசிப் பரிசோதனையிலும் தெரியவில்லை. கட்டிக்கு மரபணுச் சோதனை செய்து பார்க்கலாம், அதில் பயமில்லை என்று வந்தால் கத்தி வைக்க வேண்டியதில்லை என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் தீர்ப்புச் சொன்னார்.

"ஜீன் டெஸ்ட்டுன்னு வெளிய தெரிஞ்சா பரம்பரை வியாதிம்பாக. பொண்ணு கேட்டு வந்திருக்க வடமதுரைக்காரவுக நம்ம பிள்ளைய வேணாம்ட்டுப் போயிருவாக. பேசாம ஆபரேஷன் பண்ணிக்க."

"ஏங்க, அது கட்டிக்குப் பாக்குறது. பரம்பரைக்கு இல்ல."

"அம்புட்டு பேருக்கும் வீடு வீடாப் போயி வெளக்கம் சொல்லுவியா?"

"கழுத்துல தழும்பு தெரியுமே?"

"ஒரு அட்டிகை வாங்கிப் போட்டா மறைஞ்சிரும்."

கல்யாணமான நாளிலிருந்து அட்டிகை கேட்டு வருகிறேன். கழுத்தை அறுத்துக்கொண்டால்தான் கிடைக்கும் என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.