கெத்தின் தட்டிய கதவுகள்

ரோண்டா பள்ளத்தாக்கு, வேல்ஸ்
18 நவம்பர் 2007, ஞாயிறு

அன்புள்ள எம்லினுக்கு,

மெய்னிர் எழுதுவது. நானும் கெத்தினும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் முதுகுவலி தேவலையா? அந்தக் கத்தார் வெயிலில் வெல்டிங் முகமூடியையும் மாட்டிக்கொண்டு எப்படித்தான் நிற்கிறாயோ. இங்கே மழை விட்டபாடில்லை. கொல்லைச் சுவர் மறுபடி சாய்ந்துவிட்டது. நீ வந்து பார்க்கிறவரை விழாமல் இருக்கட்டும் என்று ஒரு பலகையை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு இன்னொரு நாளும் வேலை கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

போனில் பேசுவதை விட்டுவிட்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ கூப்பிடும்போது போனை எடுப்பவன் உன் பிள்ளை கெத்தின்தான். பேசி முடித்து என் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்கிறான். நீயும் சந்தோஷமாக அவனைப் புகழ்கிறாய். அந்த நேரத்தில் நான் எதைச் சொல்வது?

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். அவன் வேலை பார்த்த டிவி ஃபாக்டரியை மூடிய பிறகு அவன் எப்படி இருந்தான் என்பதை நான் உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். வேலை தேடுகிறான் என்றேன். அவன் தேடவில்லை, எம்லின். சுவரைப் பார்த்துப் படுத்தவன் நான் பள்ளிக்கூடம் போகும்போதும் அப்படியே, வரும்போதும் அப்படியே. தட்டில் வைத்தது காய்ந்து கிடக்கும். என் தூக்க மாத்திரைகளை நான் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போவேன். இதை நீ இப்போது படிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இது தெரியாமல் மற்றது உனக்கு விளங்காது.

அப்படி இருந்தவன் ஒரு நாள் எழுந்து, குளித்து, உன் நீல டையைக் கேட்டான். கார்டிஃபில் இருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்கிறார்களாம். வீடு வீடாகப் போய் மின்சாரமும் எரிவாயுவும் எங்கள் கம்பெனியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஆள் சேர்க்க வேண்டும். சம்பளம் கிடையாது, கையெழுத்துக்கு இவ்வளவு என்று கமிஷன். சம்பளம் இல்லாத வேலை என்ன வேலை என்று கேட்க நாக்கு வரை வந்தது. அவன் கண்ணாடி முன்னால் நின்று தலைவாரிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

ஆரம்பத்தில் ஒரு கையெழுத்தும் கிடைக்கவில்லை. வேன் வந்து ஏதோ ஒரு ஊரில் இறக்கிவிட்டுப் போகும். நனைந்துபோய் வருவான். முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறார்கள், நாயை அவிழ்த்து விடுகிறார்கள் என்பான். வேனில் போகும் பையன்களுக்கு மேலே கேரி என்று ஒருத்தன். உன் வயதில் பாதிதான் இருக்கும், ஆனால் பையன்களெல்லாம் அவனைப் பார்த்து நடுங்குகிறார்கள். அவன்தான் சொல்லியிருக்கிறான்: "உன்னைத் தெரிஞ்ச தெருவுக்குப் போடா. தெரிஞ்சவன் மூஞ்சிக்கு முன்னாடி எவனும் கதவைச் சாத்தமாட்டான்."

அப்படித்தான் நம் தெருவில் ஆரம்பித்தான். ஒரே வாரத்தில் வரிசையாக எல்லா வீட்டிலும் கையெழுத்து. நீ அன்றைக்குத்தான் போனில், "எம் மவன்னா சும்மாவா" என்று சத்தமாகச் சிரித்தாய். எனக்கும் சந்தோஷம்தான். அவன் அன்று தட்டை நீட்டி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினான் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் கடைசியில் ஒரு புயல் அடித்ததே, உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு மத்தியானம் கரண்ட் போனது. அடுத்த வீட்டு ஹெய்டன் சுரங்கத்துத் தூசியால் நுரையீரல் போனவர் என்பதும், அந்த ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் அவரால் ஆகாது என்பதும் உனக்குத் தெரியும். நீ போன பிறகு அவர் இன்னும் மோசம். பழைய மின்சாரக் கம்பெனியில் அவர் பெயரைத் தனியாகக் குறித்து வைத்திருந்தார்கள். கரண்ட் போனால் உடனே அவர்களே கூப்பிடுவார்கள். எவ்வளவு நேரம் ஆகும், சிலிண்டருக்கு மாறிக்கொள்ளுங்கள், ஆள் அனுப்பட்டுமா என்றெல்லாம் கேட்பார்கள். அவர் மனைவி எலுனெட் அந்த அழைப்புக்காகப் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யாரும் கூப்பிடவில்லை.

இருட்டத் தொடங்கியதும் அவளே அந்தக் கம்பெனியைக் கூப்பிட்டாள். நான் அப்போது மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். போனை எடுத்த கம்பெனிப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "மன்னிக்கணும்மா, நீங்க இப்ப எங்க வாடிக்கையாளர் இல்லையே."

"நல்லாப் பாரும்மா. கல்யாணமாகி வந்ததுலேருந்து உங்க கரண்ட்தான்."

"இல்லம்மா. போன மாசமே வேற கம்பெனிக்கு மாறிட்டீங்க. நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

எலுனெட் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கெத்தினுக்குப் போட்ட கையெழுத்து எதற்கென்று அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரிகிறது, எம்லின். எனக்கும் அப்போதுதான்.

புதுக் கம்பெனியின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டால், காத்திருக்கச் சொல்லிப் பாட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சிலிண்டரில் இருந்தது குறைந்துகொண்டே வந்தது. ஹெய்டன் பேச்சை நிறுத்திவிட்டு மூச்சுவிடுவதை மட்டும் ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்த பிறகு ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். மலைப்பாதையில் மரம் விழுந்து கிடந்ததால் சுற்றிக்கொண்டு வந்தார்கள். கெத்தின்தான் அவரை நாற்காலியோடு தூக்கி வாசல் வரை கொண்டுபோய் விட்டான். அவர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "பலசாலிடா நீ" என்றார்.

அவர் பிழைத்துவிட்டார். வீட்டுக்கும் வந்துவிட்டார். ஆனால் மாடி ஏற முடியவில்லை. கட்டிலைக் கீழே இறக்கிப் போட்டிருக்கிறார்கள்.

அன்று ராத்திரி அவனைக் கேட்டேன். எலுனெட்டிடம் என்ன சொன்னே என்று.

"தள்ளுபடி இருக்கான்னு பாத்துச் சொல்றேன்னேன்."

"கையெழுத்து?"

"நான் வந்துட்டுப் போனதுக்கு அடையாளமா ஒண்ணு போடுங்கன்னேன். எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. கேரி அப்படித்தான் சொல்லச் சொன்னான். கம்பெனி மாறிட்டீங்கன்னு கடிதாசி வருமில்ல, அதைப் படிக்கவேண்டியது அவங்கதானே?"

கடிதம் வந்திருக்கிறது. அவள் விளம்பரம் என்று நினைத்து அடுப்புப் பற்ற வைக்க எடுத்து வைத்திருந்தாள்.

அதைச் சொன்னேன். அவன் அழுதான். சின்ன வயதில் அழுவானே, வாயைப் பொத்திக்கொண்டு, அதே மாதிரி. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். சரி, இதோடு விட்டுவிடுவான் என்று நினைத்தேன். காலையில் வேன் ஹாரன் அடித்தது. டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். நிற்கச் சொல்லவில்லை. நிறுத்தினால் மறுபடி அந்தச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவானோ என்று பயம்.

எலுனெட் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "பாவம், நனைஞ்சுபோய் நின்னான். ஒரு கையெழுத்துதானேன்னு போட்டேன்," என்றாள். அவ்வளவுதான். ஆனால் இத்தனை வருஷம் கொல்லைப்புறக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து டீக் கெட்டிலை அடுப்பில் வைத்தவள், இப்போது முன்வாசலில் வந்து தட்டுகிறாள். நான் திறந்து உள்ளே வா என்று சொல்லும்வரை கால்மிதியில் நிற்கிறாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு ஊரில் இருக்கும் ஆலோசனை மையத்துக்குப் போனேன். இலவசமாக யோசனை சொல்கிறார்களே, அங்கே. மேஜையில் இருந்த அம்மாள் நல்லவர். இந்த மாதிரி நிறையப் பேர் வருகிறார்கள் என்றார். பழைய கம்பெனிக்கே திரும்பலாமாம், ஹெய்டன் பெயரை மறுபடி சேர்க்கலாமாம், நஷ்டஈடுகூடக் கேட்கலாமாம். புகாராக எழுதிக் கொடுக்க வேண்டும். வந்த ஆளின் பெயர், அவன் என்ன பொய் சொன்னான் என்பது, கீழே கையெழுத்து. அது இல்லாமல் கம்பெனி அசையாது, "நீங்களேதான் மாறினீர்கள்" என்று சொல்லிவிடும் என்றார்.

எலுனெட் பேனாவை மூடி அந்த அம்மாளிடமே கொடுத்துவிட்டாள்.

"ஏம்மா, ஆளைத் தெரியாதா?"

"தெரியாதுங்க. முகம் ஞாபகமில்ல," என்றாள்.

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். எழுது எலுனெட், என் பையன் பெயரை எழுது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் வரும்போது சொல்ல நினைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, "அந்தப் பேரை நான் கூப்பிட்டு வளத்திருக்கேன் மெய்னிர். புகார்ல எழுத வரல," என்றாள்.

புதுக் கம்பெனியில் ஹெய்டன் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று நானே கூப்பிட்டேன். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும் என்றார்கள். எலுனெட்டைப் பேச வைத்தேன். பதிந்துகொண்டோம் என்றார்கள். கடிதம் வரும் என்றார்கள். வரவில்லை. விளக்கு ஒரு தடவை மினுக்கினால் போதும், நான் செருப்பைக்கூடத் தேடாமல் அந்த வீட்டுக்கு ஓடுகிறேன்.

மாடியிலிருந்து அவன் இறங்கி வரும் சத்தம் கேட்கிறது. பிறகு எழுதுகிறேன்.

புதன்

மூன்று நாளாக இதைச் சமையலறையில் மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

அவனைக் குழுத் தலைவன் ஆக்கிவிட்டார்கள். நம் தெருவில் அவன் வாங்கின கையெழுத்துகளுக்காகத்தான். இனிமேல் அவனுக்குக் கீழே புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், அவர்கள் வாங்கும் ஒவ்வொரு கையெழுத்திலும் இவனுக்குப் பங்கு. திங்கள் சாயங்காலம் அவர்களை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தான். ஒரு பெண்ணும் இரண்டு பையன்களும். ஃபாக்டரியில் வேலை போனவர்கள்தான். டீ போட்டுக் கொடுத்தேன். முன்னறையில் பாடம் நடந்தது, நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன்.

"விக்க வந்திருக்கோம்னு சொல்லாதீங்க. மீட்டர் விஷயமா வந்தோம்னு சொல்லுங்க. பில்லைக் கையில வாங்கிட்டா பாதி வேலை முடிஞ்சது. அவங்க மூஞ்சியப் பாக்காதீங்க, பில்லையே பாருங்க."

அந்தப் பெண் கேட்டாள்: "வயசானவங்களா இருந்தா?"

"அவங்கதான் உள்ள கூப்பிட்டு உக்கார வைப்பாங்க. உங்க சொந்தக்காரங்க வீடுன்னு நெனச்சுக்கோ."

அவன் குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது, எம்லின். எத்தனையோ மாதமாக நான் கேட்க ஏங்கின குரல். கழுவின கோப்பையைக் கீழே போட்டுவிட்டேன். "பாத்தும்மா," என்று உள்ளே இருந்து சொன்னான்.

அவர்கள் போன பிறகு கேட்டேன்: "ஹெய்டன் கட்டில்ல கிடக்கிறது உனக்கு ஒண்ணுமில்லையாடா?"

அவன் கோபப்படவில்லை. "அதையே நெனச்சிட்டிருந்தா நான் எழுந்திரிக்கவே முடியாதும்மா," என்றான். பிறகு என் தோளில் கை வைத்து, "நான் எழுந்திரிக்கணுமா, வேண்டாமா?" என்று கேட்டான்.

பதில் சொல்லத் தெரிந்தால் நீ சொல்.

வரும் திங்கட்கிழமை முதல் அவனுக்கு அபர்டேர் பக்கம் போட்டிருக்கிறார்கள். உன் அக்கா நெஸ்டா இருக்கும் தெருக்கள்தான். அவள் தனியாகக் குடியிருக்கிறாள், யார் வந்தாலும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பாள். நேற்று அவளுக்குப் போன் செய்தேன். கதவைத் திறக்காதே, எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே, வருவது கெத்தினாகவே இருந்தாலும் போடாதே என்று சொல்லத்தான் கூப்பிட்டேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள். அவன் ஏற்கெனவே பேசிவிட்டானாம், அத்தை வீட்டுக்குத்தான் முதலில் வருகிறேன் என்றானாம். "திங்கக்கிழமை அவனுக்குப் பிடிச்ச கேக்கைக் கல்லுல சுட்டு வெக்கப் போறேன். அவன்கூட வேலை பாக்குற பசங்களையும் கூட்டிட்டு வரட்டும். பக்கத்து வீட்டுக்காரங்களையும் வரச் சொல்லியிருக்கேன், மெய்னிர். நம்ம பையன் தலையெடுத்துட்டானே, நம்மால ஆனத நாமதானே செய்யணும்?"

குளிர் ஜாஸ்தியாக இருக்கிறது, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அவள் உன் அக்கா. நீதான் சொல்ல வேண்டும். திங்களுக்கு முன்னால் சொல்ல வேண்டும். இந்தக் கடிதம் கத்தாருக்கு வந்து சேர எவ்வளவு நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் போனை எடுக்காமல் இதை எழுதுகிறேன். என்னைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்.

விடுப்புக் கிடைத்தால் வா. கிடைக்காவிட்டாலும் கேட்டுப் பார். நீ எங்கே நின்றாலும் ஆண்டவர் உன் பக்கத்தில் நிற்கட்டும். அவனையும் கைவிடாமல் இருக்கட்டும்.

என்றும் உன்,
மெய்னிர்