மிதக்க விடாத பைகள்

12 ஜூன் 2004, சனி

என் மனைவி தேவகி ஆசைப்பட்டு வெட்டிய குட்டைக்கு இன்று காலை மீன்குஞ்சு வந்தது. கொண்டுவந்தவர் என்னிடம்தான் சொன்னார்.

"ஐஸ் பக்கத்துல வெச்சு கொண்டாந்த குஞ்சுப்பா, பைத் தண்ணி சில்லுனு கீது. பையை அப்டியே அரை மணி நேரம் மெதக்க வுடு. அப்பால குட்டைத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள ஊத்து. உங்க தண்ணி சூடா கீது, போர் தண்ணி வேற, உப்பு. சட்டுனு மாத்துனா தாங்காது."

ஒரகடம் கம்பெனி பஸ் வரும் நேரம். தேவகி கடைக்குப் போயிருந்தாள். பைகளை அவிழ்த்துக் குட்டையில் கொட்டிவிட்டு ஓடினேன்.

சாயங்காலம் வந்தபோது, செத்து மிதந்த குஞ்சுகளை அவள் முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"வயித்துல வந்ததும் தங்கல, இதுவும் தங்கல. என் கைராசி அப்டி" என்றாள்.

என்னால்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. முறத்தை வாங்கிப் போய்க் குஞ்சுகளை வேலியோரம் புதைத்தேன்.

இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை. "தேவகி" என்று கூப்பிட்டேன்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமையும் ஓ.டி. வேலை இருக்குல்ல? எத்தினி மணிக்கு எழுப்பணும்?" என்று கேட்டாள்.

ஆறு மணிக்கு என்றேன். அதை மட்டும்தான் சொன்னேன்.