தள்ளிப் போக மாட்டேன்

ராயக்கோட்டை,
11-11-1968

அன்பும் மரியாதையும் உள்ள அப்பாவுக்கு, மகள் ஜெபசீலி தோத்திரம் சொல்லி எழுதுவது.

இவ்வளவு நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள். அவளை மடியில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருக்கும். அவர் ரயில் பாதை வேலைக்கு முகாம் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமைதான் வருவார்.

உங்கள் கடிதம் கிடைத்தது. உன்னைத் தள்ளி நிற்கச் சொல்கிற ஊரில் என் பேத்தி வளர வேண்டாம், சனிக்கிழமை தம்பி ஜெபராஜ் வருவான், குழந்தையோடு புறப்படு, மாட்டேன் என்றால் இனி எனக்குக் கடிதம் எழுதாதே என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயந்தான். கிணற்றடியில் என்னைத் தள்ளிப் போகச் சொல்கிறார்கள் என்று அழுதுகொண்டு எழுதியவள் நான்தானே. ஆனாலும் அப்பா, நான் வரவில்லை.

இங்கே தெருவில் எல்லோரும் பேசுவது தெலுங்கு. நான் குடத்தோடு போனால் நாராயணம்மா என்கிறவள் ஏதோ சொல்வாள். அதில் ஒரு சொல் மட்டும் தமிழாகக் காதில் விழும்: தள்ளி. உங்கள் அப்பா காலத்தில் எந்தக் கிணற்றில் என்ன கேட்டோம் என்று நீங்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். நம் வீட்டுக் காதில் அந்தச் சொல் வேறு எப்படி விழும்? தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்து நிற்பேன். அவள் மறுபடி சொல்வாள். இன்னும் நகர்வேன். எல்லோரும் போன பிறகு, உச்சி வெயிலில் தண்ணீர் இறைப்பேன்.

உங்களுக்கு அந்தக் கடிதத்தைப் போட்ட மறுநாள் எனக்கே ஆத்திரம் வந்துவிட்டது. பி.ஏ. படித்தது இதற்கா? குடத்தைக் கிணற்று மேடையில் ணங்கென்று வைத்து, "தள்ளிப் போக மாட்டேன்" என்று தமிழிலேயே சொன்னேன்.

சந்தையில் காய் விற்கிற நஞ்சம்மாவுக்குக் கொஞ்சம் தமிழ் வரும். அவள்தான் சிரித்தாள். "யாரும்மா உன்னெ தள்ளிப் போவச் சொன்னது? தல்லின்னா எங்க பாஷையில அம்மா. வாம்மா, வாம்மான்னு நாராயணம்மா தெனமும் கூப்புடுது. நீ கூப்புடக் கூப்புடப் பின்னாலயே போறே. படிச்ச திமிருன்னு இல்ல நெனச்சோம்!"

லகரத்துக்கும் ளகரத்துக்கும் என் காதைத் திருகிய தமிழ் வாத்தியார் நீங்கள். உங்கள் மகள் எந்த எழுத்தில் ஏமாந்தாள், பாருங்கள். இப்போது என்னைக் கண்டாலே தெருப் பிள்ளைகள்கூட "தள்ளிப் போமாட்டே" என்று கத்துகின்றன. அதுதான் இங்கே என் பெயர்.

நாம் யார் என்பதை நான் மறைக்கவில்லை. நஞ்சம்மா கேட்டாள், சொன்னேன். அதன் பிறகு ஒருத்தி தன் குடத்தை என் குடத்தை விட்டு எட்ட நகர்த்தி வைத்தாள். நாராயணம்மா அதைத் தூக்கி என் குடத்தின் பக்கத்தில் திரும்ப வைத்தாள். அந்த ஒருத்தி இன்னும் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும், மேடையை விட்டு நான் இறங்கப் போவதில்லை.

போன வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல். பயப்படாதீர்கள், விட்டுவிட்டது. அவரும் ஊரில் இல்லை. ஆஸ்பத்திரிக்கு நாராயணம்மாதான் கூட வந்தாள். டாக்டர் சொன்னது அவளுக்குப் புரியவில்லை, அவள் சொன்னது எனக்குப் புரியவில்லை. பாப்பாவை மட்டும் மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டோம்.

எனக்குப் பயமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பாப்பா இருமினால் இன்னும் எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். அந்தப் பயம் பாளையங்கோட்டைக்கு வந்தாலும் கூடவே வரும்.

ஜெபராஜ் வரட்டும். அழைத்துப் போக வேண்டாம், பார்த்துவிட்டுப் போகட்டும். உங்கள் பேத்தி தெலுங்கும் பேசுவாள், ல ள பிசகாமல் தமிழும் பேசுவாள். அதற்கு நான் பொறுப்பு.

இனி எழுதாதே என்றீர்கள், எழுதிவிட்டேன். நீங்கள் எழுதாமல் இருந்துவிடாதீர்கள் அப்பா. சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் மகள்,
ஜெபசீலி