நடு மேடைக்கு இடது பக்கம்

8.2.83

காலையிலிருந்து மன்னார்புரத்துலதான். புது வீட்டுக்குப் பூச்சு முடிஞ்சுபோச்சு, இனி தரைதான் பாக்கி. சமையலறைக்கு நடுவுல தனியா ஒரு மேடை வேணும்னு குவைத்துலேருந்து மகன் பிலோமின்ராஜ் படம் போட்டு அனுப்பியிருக்கான். அவன் முதலாளி வீட்ல அப்படித்தானாம். நாலு பக்கமும் நின்னு வேலை பார்க்கலாமாம். அதுக்குத் தீவுன்னு பேராம். "அப்ப நம்ம ஸ்ரீரங்கம்னு சொல்லுங்க. பாலத்தை எங்க போடுறது?"ன்னு கேட்டேன். கொத்தனார் பெரியண்ணனுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

வயர்மேன் தாஜுதீன் மட்டும் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னான். சுவரை ஒட்டின மேடைன்னா சுவத்துலயே வயர் வந்துடும். இதுக்குத் தரைக்கு அடியில குழாய் பதிச்சுத்தான் கொண்டுவரணும். "மொசைக் போட்ட பிறகு மனசு மாறினா உடைக்கத்தான் வேணும்மா. பிளக் பாயிண்ட் எங்கெங்கன்னு இப்பவே சொல்லிடுங்க"ன்னான். யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன்.

10.2.83

பாயிண்ட் எல்லாம் முடிவாச்சு. கிரைண்டருக்குப் பெரிய பாயிண்ட், வாசலைப் பார்த்த பக்கம். மேல கல்லுல எதுவும் வைக்கக் கூடாது, நாம மேடையைத் தண்ணி ஊத்திக் கழுவுற ஆளுங்க. ரொம்பக் கீழயும் கூடாது, தரைக்கும் வாளி வாளியா ஊத்துவோம். அதனால பக்கவாட்டுல, கல்லுக்கு ஒரு சாண் கீழ. எல்லாம் நான் சொன்னதுதான். அஞ்சாம் கிளாஸ் படிப்புக்கு இது போதாதா!

மிக்ஸிக்குத்தான் கேள்வி வந்துச்சு. அதோட வயர் குட்டை, ஒரு பக்கம்தான் சரியா எட்டும். "நிக்கிறவங்களுக்கு வலது பக்கமா, இடது பக்கமா?"ன்னு தாஜுதீன் கேட்டான். மருமகள் பேட்ரிசியாவும் கூட இருந்தா. அவளுக்குப் பீச்சாங்கைப் பழக்கம். சாப்பிடுறது மட்டும் சோத்துக்கைல, மத்த வேலையெல்லாம் பீச்சாங்கைலதான். "எனக்கு இடது பக்கம் இருந்தா..."ன்னு ஆரம்பிச்சா.

நான் விடுவேனா? "அந்தக் கைக்குப் பாயிண்ட் வேணும்னா கக்கூஸ்ல ஒண்ணு வச்சுடுங்க தம்பி!"

கொத்தனார், சித்தாளு, என் வீட்டுக்காரரு, எல்லாரும் ஒரே சிரிப்பு. அவளும் சிரிச்சா. அப்புறம், "வலது பக்கமே வையுங்கண்ணே"ன்னா.

14.2.83

குழாய் பதிச்சு மூடியாச்சு. நாளன்னைக்கு சாம்பல் புதன். தவக்காலம் முடிஞ்சுதான் சாமியாரைக் கூப்பிட்டு வீடு மந்திரிச்சுக் குடிபோறது.

10.4.83

வீடு மந்திரிச்சாச்சு. சாமியார் தீர்த்தம் தெளிக்கறப்ப நடு மேடைக்கிட்ட வந்து, "இதென்ன, பலிபீடமா?"ன்னு கேட்டார். ஊரே அதைச் சுத்தி வந்து பார்த்துச்சு.

பந்தி நடக்கறப்ப நாத்தனார் அற்புதம்மாள், "மேரி, அந்தக் கக்கூஸ் பாயிண்ட் கதையைச் சொல்லேன்"னாங்க. ஏற்கெனவே அவங்ககிட்ட ரெண்டு தடவை சொல்லியிருக்கேன். இருந்தும் சொன்னேன். சும்மா சொல்லலை, இடது கையை மடக்கி, முழங்கையை நீட்டி, பேட்ரிசியா தேங்காய் துருவுற மாதிரி நடிச்சும் காட்டினேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க.

திரும்பினா சம்பந்தி அம்மா நிக்கிறாங்க. பேட்ரிசியாவோட அம்மா. லால்குடியிலேருந்து வாழைத்தார் தூக்கிட்டு வந்தவங்க. தண்ணி மட்டும் வாங்கிக் குடிச்சாங்க. "பஸ்ஸு போயிடும் சம்பந்தி"ன்னு கிளம்பிட்டாங்க. இலையில உக்காரவே இல்லை.

அவங்க நிக்கிறது தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்.

இல்லை. சொல்லியிருப்பேன். கொஞ்சம் மெதுவா சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

11.4.83

வேடிக்கைக்குத்தானே சொன்னேன்? புது வீட்ல ஒரு பொம்பளை பசியோட போனாளே.

27.4.83

பேட்ரிசியா முன்ன மாதிரியேதான் இருக்கா. கூப்பிட்ட குரலுக்கு வர்றா. "என்னடி, கோவமா?"ன்னு கேட்டேன். "எதுக்கு அத்தை?"ன்னா. ஒரு விஷயம் மட்டும் கண்ணுல படுது. வெங்காயம் வெட்டுறதும் இப்ப வலது கையிலதான். கோணலும் மாணலுமா வருது. நல்லதுக்குத்தான், பழகிட்டான்னு நினைச்சுக்கிட்டேன். அப்படி நினைக்கத்தான் எனக்கு வசதி.

12.5.83

இன்னிக்கு எழுத வரலை.

13.5.83

நேத்து மார்க்கெட்டுக்குப் போனவ பாதியிலயே திரும்பிட்டேன், பை எடுக்க மறந்துபோய். கேட்டைத் திறந்து, வாசல்ல செருப்பை உதறினேன். உள்ள ஏதோ விழுற சத்தம், கூடவே அவ கத்துறது.

ஓடிப் பார்த்தா ரசச் சட்டி கீழ கிடக்கு. அப்பத்தான் இறக்கி மேடையில வச்சிருக்கா, கொதிக்கக் கொதிக்க. முழங்கையிலேருந்து விரல் வரைக்கும் இடது கை வெந்துபோச்சு. மிக்ஸி மேடைக்கு நடுவுல கோணலா நிக்குது, வயர் சட்டியைச் சுத்திக்கிட்டு கிடக்கு. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம், "ஒண்ணுமில்ல அத்தை, ஒண்ணுமில்ல அத்தை"ங்கறா. அவ எனக்குச் சமாதானம் சொல்றா!

இன்னிக்குத் தரையைக் கழுவிட்டு மேடையைத் துடைச்சேன். அப்பத்தான் பார்த்தேன். இடது ஓரத்துல, கடப்பைக் கல்லு மேல, மிக்ஸியோட ரப்பர் காலு பதிஞ்ச தடம். நாலு வட்டம். வலது பக்கம், பாயிண்ட் இருக்கிற பக்கம், கல்லு பளிச்சுன்னு இருக்கு.

அரைக்கிறதையெல்லாம் நான் வெளிய போற நேரத்துக்கு வச்சுக்கிட்டு, மிக்ஸியை இடது பக்கம் இழுத்து வச்சு, வயரை மேடைக்குக் குறுக்கே விறைப்பா இழுத்து மாட்டி அரைச்சிருக்கா. நான் வர்ற சத்தம் கேட்டா வலது பக்கம் தள்ளிடுவா. நேத்து என் செருப்புச் சத்தத்துக்கு அவசரமா இழுத்திருக்கா. அந்த வயருதான் சட்டியைக் கவுத்துடுச்சு.

மாமியார் கொடுமைன்னா என்னான்னு நான் ஊருக்கெல்லாம் கதை சொல்லுவேன். நான் அடிக்கலை, திட்டலை, சோறு போடாம இருக்கலை. சிரிக்க வச்சேன். அவ்வளவுதானே செஞ்சேன்? அதுக்கே என் செருப்புச் சத்தத்தைக் கேட்டு ஒரு பொண்ணு இப்படிப் பதறுறா.

15.5.83

சம்பந்தி அம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. "ஆறுற வரைக்கும் எங்ககிட்ட இருக்கட்டும்"னாங்க. எப்ப அனுப்புவீங்கன்னு கேக்க வாய் வரலை. போறப்ப மட்டும் சொன்னாங்க: "சின்னப் பிள்ளையில அந்தக் கையைத் துணியால கட்டிப் போட்டேன் சம்பந்தி. நானும் கட்டி, மத்தவங்களும் கட்டினா எப்படி?"

என்னைத் திட்டியிருந்தா பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். தன்னையும் சேர்த்துக்கிட்டாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

19.5.83

மகனுக்குக் கடிதம் எழுத உக்காந்தேன். ரசம் கொட்டிடுச்சுன்னு எழுதினேன். கிழிச்சேன். திரும்ப எழுதினேன், நடந்தது நடந்தபடியே. கக்கூஸ்ங்கற வார்த்தையை எழுதறப்பத்தான் அது எவ்வளவு அசிங்கம்னு தெரிஞ்சுது. சொல்றப்ப தெரியலையே.

22.5.83

லால்குடி பஸ் பிடிச்சுப் போனேன். வழிநெடுக என்ன சொல்றதுன்னு யோசிச்சேன். வாயில வந்ததெல்லாம் வேடிக்கைதான். எனக்கு வேற எதுவும் பேசத் தெரியாதோ?

பேட்ரிசியா வாசப்படியில உக்காந்திருந்தா. கைக்கட்டைப் பார்த்ததும் நான் யோசிச்சதெல்லாம் போச்சு. "நான் சொன்னது தப்பும்மா. அன்னிக்குத் தப்பு, மந்திரிப்பு அன்னிக்கு அதைவிடப் பெரிய தப்பு"ன்னேன்.

"விடுங்க அத்தை."

விடுங்கன்னா மன்னிச்சேன்னு அர்த்தம் இல்லைன்னு எனக்கும் தெரியும்.

"இடது பக்கம் பாயிண்ட் வைக்கப் போறேன். எங்க வைக்கணும்னு நீதான் சொல்லணும்"னேன்.

"புது மொசைக் அத்தை. உடைச்சா எல்லாரும் சிரிப்பாங்க."

"என்னைப் பார்த்துத்தானே? சிரிக்கட்டும்."

அப்புறம் எழுந்து நின்னு காட்டினா. "கல்லுக்கு ஒரு சாண் கீழன்னு நீங்க சொன்னது சரிதான். ஆனா ஓரத்துல வேணாம், கொஞ்சம் உள்ள தள்ளி. வெட்டுறப்ப என் முழங்கை இடிக்கக் கூடாது." எவ்வளவு தள்ளின்னு அவ முழங்கையிலேருந்து ஒரு நூல் பிடிச்சு முடிச்சுப் போட்டுக்கிட்டேன்.

திரும்பி வரியான்னு கேக்கலை. அவளும் சொல்லலை.

30.5.83

என் வீட்டுக்காரரு குதிக்கிறாரு. "மூணு மாசத் தரை! ஒரு பொண்ணோட கைப் பழக்கத்துக்கா உடைக்கிறது?"

"இல்லீங்க, என் வாய்ப் பழக்கத்துக்கு."

அவரு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய போயிட்டாரு. தாஜுதீன் உளியை வச்சு முதல் அடி அடிச்சான். அவன்கிட்டயும் பெரியண்ணன்கிட்டயும் சொன்னேன், அன்னிக்கு நான் பேசினது பேச்சே இல்லைன்னு. பெரியண்ணன், "நாங்களும்தானேம்மா சிரிச்சோம்"னார்.

2.6.83

அந்த முடிச்சு நூலை வச்சு அளந்த இடத்துலயே பாயிண்ட் வச்சாச்சு. ஆனா பழைய நிறத்துல மொசைக் சிப்ஸ் கல்லு கிடைக்கலை. பச்சைத் தரைக்குக் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு, சுவத்துலேருந்து மேடை வரைக்கும். அசிங்கமாத்தான் இருக்கு.

லால்குடிக்கு ஒரு கார்டு போட்டேன். வேலை முடிஞ்சுதுன்னு மட்டும். வான்னு எழுதலை.

12.6.83

வந்துட்டா. சம்பந்தி அம்மா கொண்டுவந்து விட்டாங்க. கையில தழும்பு இருக்கு, விரல் நல்லா மடங்குது. நேரா சமையலறைக்குப் போனா. குனிஞ்சு அந்தப் பாயிண்டைப் பார்த்தா, முழங்கையை ஆட்டிப் பார்த்தா. சம்பந்தி அம்மா சாப்பிட்டுட்டுத்தான் போனாங்க. ரெண்டாவது தடவை குழம்பு கேட்டு வாங்கினாங்க.

ஆனா நான் உள்ள போனா அவ கை இன்னும் தானா மாறுது. நானும் இருமிக்கிட்டே போறேன், வேணும்னே வேற பக்கம் பார்க்கிறேன். ரெண்டு பேரும் நாடகம்.

3.7.83

அற்புதம்மாள் அண்ணி வந்தாங்க. தரைக் கோட்டைப் பார்த்துட்டு, "இதென்ன மேரி, பூரான் ஊர்ற மாதிரி?"ன்னாங்க. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அடுத்து பேட்ரிசியா பக்கம் திரும்பி, "ஓ, இதுதான் அந்தக் கக்கூஸ்..."னு ஆரம்பிச்சாங்க.

"அண்ணி, அந்தப் பேச்சு இந்த வீட்ல வேணாம்"னேன்.

"அடியே, கதையை ஊருக்குச் சொன்னதே நீதானேடி!"

"ஆமா, நான்தான். அதனாலதான் நான் நிறுத்துறேன்."

அண்ணிக்கு முகம் சுண்டிப்போச்சு. காபியை வச்சுட்டுப் போயிட்டாங்க. இனி எத்தனை வீட்ல என்ன சொல்லப் போறாங்களோ. சொல்லட்டும். பேட்ரிசியா டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா, என்னைத் திரும்பிப் பார்க்கலை.

9.8.83

இன்னிக்கு என்னை அதட்டிட்டா.

அவ தேங்காய்ச் சட்னி அரைச்சுக்கிட்டு இருந்தா. நான் பாத்திரம் கழுவின கையோட போய் கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கப் போனேன். "அத்தை! ஈரக் கையா? எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு? போங்க, துடைச்சிட்டு வாங்க!" பால்கார மயிலம்மாள் வாசல்ல நிக்கிறா, அவளுக்கே கேட்டிருக்கும்.

நல்ல பதில் ஒண்ணு நாக்கு நுனிவரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டே நின்னேன். அவ என் பக்கம் திரும்பக்கூட இல்லை, இடது கையாலயே மிக்ஸி மூடியை அழுத்திப் பிடிச்சு இன்னொரு சுத்து விட்டா.