ஆபீசரம்மா வீட்டுக்காரர்

பெரிய மாரியம்மன் துணை

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அனுசியாவுக்கு,

இங்கே நானும் சின்னவளும் அத்தையும் சுகம். என்.சி.சி. டிரெயினிங்குக்குப் போன இடத்தில் நீயும் அந்த வடக்கத்திக் குளிரில் சுகமாக இருக்கவேண்டும். போனில் நீ பேசுகிற கொஞ்ச நேரத்தையும் சின்னவள் பறித்துக்கொள்கிறாள். மிச்சத்தை உன் அம்மா "சாப்ட்டியாத்தா, சாப்ட்டியாத்தா" என்று கேட்டே தீர்த்துவிடுகிறார்கள். அதனால்தான் கடிதம்.

நீ யூனிபார்மில் நிற்கிற போட்டோவை ஹெட்மாஸ்டர் பெரிதாக்கி ஆபீஸ் ரூம் வாசலில் மாட்டியிருக்கிறார். பந்து எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போகும்போதெல்லாம் நான் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். நன்றாகத்தான் இருக்கிறது. தொப்பிதான் கொஞ்சம் கோணல். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு டீக்கடை முத்துராமலிங்கம் அண்ணாச்சி இத்தனை வருஷமாக என்னை "பி.டி. சார்" என்றுதான் கூப்பிடுவார். இப்போது, "ஏலே, ஆபீசரம்மா வீட்டுக்காரருக்கு ஒரு டீ போடு" என்கிறார். சுற்றி நிற்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

நம் பள்ளிக்கூடத்துக்கு என்.சி.சி. வரவேண்டும் என்று பட்டாலியன் ஆபீசுக்கு நடையாய் நடந்தது யார்? மைதானத்தில் கருவேல முள்ளை வெட்டிக் கையைக் கிழித்துக்கொண்டது யார்? ஆபீசர் பொறுப்புக்கு நம் இரண்டு பேரையும் நேர்காணல் செய்த கர்னல் என்னிடம் ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ மளமளவென்று இந்தியில் பதில் சொன்னாய், அவர் சிரித்தார், கதை முடிந்தது. குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நீ டிரெயினிங் முடித்து வரும்வரை பரேடைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாய். பார்த்துக்கொள்கிறேன். ஆனால் எதைச் சொன்னாலும் "டீச்சர் இப்பிடிச் சொல்லித்தர மாட்டாவ சார்" என்கிறார்கள். "டீச்சர் வந்ததும் கேட்டுக்கிடுதோம் சார்" என்கிறார்கள். வெயிலில் நிற்கிறவன் நான், பாட்டு முழுக்க உன் பாட்டு. எனக்கு வயிறு எரியாதா?

இன்னொரு சேதி. யார் தங்கள் ஊர்ப் பிள்ளைகளை ஒருவர் விடாமல் பரேடுக்குக் கூட்டிவருகிறார்களோ அவர்களுக்குத்தான் முதல் பட்டை, அதுவும் நீ வந்த பிறகுதான் என்று சொல்லிவிட்டுப் போனாய். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒழுங்காக வந்த ஒன்பது பேருக்கு வெள்ளிக்கிழமை லான்ஸ் கார்ப்பரல் பட்டை கொடுத்துவிட்டேன். டெய்லர் சிவனாண்டி அன்றைக்கே சட்டைக் கையில் தைத்துக் கொடுத்தார். பிள்ளைகள் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும்! "சாருக்குத்தான் சார் பெரிய மனசு" என்றான் பாண்டிதுரை. மாரீஸ்வரிக்குக் கொடுக்கவில்லை. சோழபுரத்தில் மக்காச்சோளம் ஒடிக்கிற வேலையாம், பரேடுக்கு வரவில்லை. உன் செல்லப்பிள்ளை என்பதற்காக விட்டதாக நினைக்காதே.

வெந்நீரில் குளி. சாக்ஸை ஈரத்தோடு போடாதே.

அன்புடன்,
சமுத்திரம்

---

ஸ்ரீவில்லிபுத்தூர்,
புதன்கிழமை

அன்புள்ள அனுசியாவுக்கு,

உன் கடிதம் வந்தது. பட்டை விஷயத்தில் நீ திட்டுவாய் என்று தெரியும். இவ்வளவு நீளமாகத் திட்டுவாய் என்று தெரியாது.

சரி, நீயே சந்தோஷப்பட்டுக்கொள். எல்லாரும் பல்லக்கு ஏறினால் தூக்குகிறவன் யார் என்பார்களே, அது என் மைதானத்தில் நடக்கிறது. பட்டை வாங்கிய ஒன்பது பேரும் முன்னால் நின்று கட்டளை போடுவார்களாம், வரிசையில் நிற்கமாட்டார்களாம். பரேடு முடிந்ததும் வடையும் வாழைப்பழமும் பரிமாறக்கூட ஆள் இல்லை. "நான் லான்ஸ் கார்ப்பரல் சார், வடை எடுத்துக் குடுக்கவா பட்டை குடுத்திய?" என்று பாண்டிதுரை கேட்கிறான். காதைத் திருகலாம் என்றால் நான்தானே கொடுத்தேன்!

பட்டை இல்லாத பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். சோழபுரம் பஸ்ஸில் வருகிற கூட்டம் மொத்தமாக வரவில்லை. மாரீஸ்வரி வந்தால்தான் அவர்கள் வருவார்களாம். பட்டாலியனிலிருந்து வந்த ஹவில்தார், ஆள் இல்லாத மைதானத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "கேம்ப்புக்குப் பேரு தேறலைன்னா இந்த ட்ரூப்ப வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்திருவாங்க சார். கேக்க ஆளு காத்துக்கிட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து ஹெட்மாஸ்டர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

முழங்கால் வீங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். இந்த வயதில் சின்னப் பெண்களோடு ஓட முடியவில்லை, வந்துவிடவா, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். யோசித்துச் சொல்கிறேன். உடம்புதான் முதல், மற்றதெல்லாம் அப்புறம்.

நீ பாதியில் வந்துவிட்டால் அடுத்து என்ன ஆகும் என்று ஹெட்மாஸ்டரிடம் சும்மா கேட்டுவைத்தேன். அடுத்த பெயர் என்னுடையதாம். வயது வரம்புக்கு எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறதாம். உனக்கும் தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன், வேறொன்றும் இல்லை.

சின்னவள் கணக்குப் பரீட்சையில் நல்ல மார்க். உன்னை மாதிரி மூளை என்று அத்தை சொல்கிறார்கள். எதற்கெடுத்தாலும் உன்னை மாதிரிதான்.

அன்புடன்,
சமுத்திரம்

---

ஸ்ரீவில்லிபுத்தூர்,
திங்கட்கிழமை

அனுசியா,

இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனுக்குள் நீ பெட்டியைக் கட்டிவிடக் கூடாது. நேற்று நீ மறுபடியும் கேட்டாய், "என்னங்க, வந்துரட்டுமா?" என்று. லைன் சரியில்லை என்று சொல்லிப் போனைச் சின்னவளிடம் கொடுத்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

போனை வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு சோழபுரம் போனேன். மாரீஸ்வரியைக் கூப்பிட்டால் மற்றவர்களும் வருவார்கள், ஹெட்மாஸ்டர் வாயையும் அடைக்கலாம் என்று எண்ணம். அவள் அம்மா கருத்தம்மா களத்தில் கதிர் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "வேலயெல்லாம் முடிஞ்சிருச்சு சார். இவதான் வரமாட்டேங்கா. டீச்சர் வந்தா வருவாளாம்" என்றார். அங்கேயும் டீச்சர்! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒங்க டீச்சரும் அடுத்த வாரம் வந்துருவாவ, கால் வலியாம், பாதியில வாராவ" என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் கதிர் அள்ளிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை சந்தோஷப்படும் என்றுதான் நினைத்தேன். கையிலிருந்த கூடையைக் கீழே போட்டுவிட்டு வந்து என் முன்னால் நின்றது. "பட்டை குடுக்கலன்னு நான் நிக்கல சார். வேல முடிஞ்சு பள்ளிக்கூடம் வந்தன்னிக்கு, கதிர் ஒடிக்கப் போற பிள்ளைகளுக்கெல்லாம் என்.சி.சி. எதுக்குன்னு பாண்டிதுரை சொன்னான். நீங்க பக்கத்துலதான் இருந்திய, ஒண்ணுமே சொல்லல. அதான் நின்னுட்டேன்" என்றது. அவன் சொன்னது என் காதில் விழுந்தது உண்மை. உன் செல்லப்பிள்ளைக்கு ஒரு குட்டு விழட்டும் என்று சும்மா இருந்ததும் உண்மை.

அதற்குப் பிறகு அவள் கேட்டதுதான் பெரிய கேள்வி. "டீச்சரே விட்டுட்டு வந்துட்டா எங்கம்மா என்னயக் கேம்ப்புக்கு விடுவாவளா சார்? டீச்சருக்கே முடியல, ஒனக்கு எதுக்குட்டின்னுதான் கேப்பாவ." நான் கருத்தம்மாவைப் பார்த்தேன். "ஆமா சார், அப்பிடித்தான் கேப்பேன்" என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

நான் அவர்களிடம், டீச்சர் வரமாட்டாவ, முழுசா முடிச்சிட்டுத்தான் வருவாவ என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். இன்று காலை சோழபுரம் பஸ்ஸில் மாரீஸ்வரி வந்து இறங்கினாள், பின்னாலேயே மற்ற பிள்ளைகளும். பாண்டிதுரையை அவர்கள் முன்னால் நிறுத்தி, அவன் சொன்னதும் தப்பு, கேட்டுக்கொண்டு சும்மா நின்ற நானும் தப்பு என்றேன். ஒன்பது பட்டைகளையும் பிரித்து வாங்கிவிட்டேன். பாண்டிதுரை அழுதான். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. யாருக்கு எப்போது என்பதை நீ வந்து முடிவு செய்.

இனி முழங்கால். நான் மாவட்ட அளவில் ஓடியவன், சொல்வதைக் கேள். ஓடும்போது அடியைச் சின்னதாக வை. மேட்டில் காலை எட்டிப் போடாதே. ஓடி முடித்ததும் ஐஸ் ஒத்தடம் கொடு, வெந்நீர் வேண்டாம். டாக்டர் ரெண்டு நாள் ஓய்வு கொடுத்தால் எடு, வெட்கப்படாதே. எல்லாருக்கும் பின்னால் வந்தால்கூட ஓடி முடித்தவள் முடித்தவள்தான். முதல் நாளே இதைச் சொல்லித் தந்திருக்கலாம். தெரிந்துதான் தராமல் இருந்தேன்.

நான் பெரிய மனசுக்காரன் ஆகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. நீ ஆபீசராக வந்து மைதானத்தில் நிற்கும்போது எனக்கு வயிறு எரியத்தான் செய்யும். எரிந்தால் எரிந்துவிட்டுப் போகிறது, நான் பார்த்துக்கொள்கிறேன். தாயே, பாதியில் மட்டும் வந்துவிடாதே.

மாரியம்மன் உன் காலில் நின்று உன்னை ஓடவைக்கட்டும்.

இப்படிக்கு,
இப்போதைக்கு நீ வரவே கூடாது என்று வேண்டிக்கொள்ளும் உன் கணவன்,
சமுத்திரம்