காட்டிக்கொடுத்த உண்ணி

மாட்டுங்கா
13.10.2024

அன்புள்ள ஹரிதாவுக்கு,

மலைக்காற்றில் சுகமாக இருப்பாய். ஃபோனில் பேசினால் சண்டை, ஆகவே டிசம்பர் வரை கடிதம் மட்டும் என்று ஒப்பந்தம் போட்டாலும் போட்டோம், என் கையெழுத்து திருந்திவிட்டது. "நானா, உன் எலி ஆராய்ச்சியா" என்று ஜூனில் நான் கேட்டதற்கு உன் பதிலும் டிசம்பரில்தான். அவசரமில்லை என்று எழுதினால் பொய்.

நாலு நாளாகக் காய்ச்சல். டெங்கு இல்லை, மலேரியா இல்லை. உள்ளங்கை வரை சிவப்புப் புள்ளிகள். முழங்காலுக்குப் பின்னால் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு. கொசுக்கடி என்கிறாள் அம்மா. பயப்படாதே.

உன் கணவன் (இன்னமும்),
அனந்த்

கர்ஜத் மலைமுகாம்
14.10.2024

அனந்த்,

நம் தபால்காரனாகிவிட்ட என் உதவியாளன் மாதவ் மும்பையிலிருந்து முகாமுக்கு வந்ததும் உன் கடிதத்தைத்தான் முதலில் கொடுத்தான். படித்து முடிப்பதற்குள் உன் டாக்டருக்கு ஃபோன் செய்துவிட்டேன். ஒப்பந்தம் உன்னோடுதான், அவரோடு இல்லை. இன்றே மாத்திரை தொடங்குகிறார். ஒரு வேளை தவறினாலும் இறங்கி வந்து திட்டுவேன்.

இது உண்ணிக் காய்ச்சல்தான். காட்டெலியின் ரத்தத்தில் ஒரு பாக்டீரியா இருக்கும்; எலியை அது படுத்தாது. அந்த எலியைக் கடித்த உண்ணி நம்மைக் கடித்தால் இந்தப் புள்ளி, இந்தப் பொருக்கு. நான் தினமும் எலிக்காதிலிருந்து எடுத்து எண்ணுகிற உண்ணி, மாட்டுங்கா மூன்றாம் மாடிக்கு லிஃப்டில் ஏறி வராது. கடித்து ஒரு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் வரும். காந்தி ஜெயந்தியன்று எங்கே போயிருந்தாய்?

கவலையுடன்,
ஹரிதா

மாட்டுங்கா
19.10.2024

என் ஹரிதாவுக்கு,

காய்ச்சல் விட்டது. இன்று மூன்று இட்லி தின்றேன்.

அன்று கர்ஜத் லோக்கல் ரயில் பிடித்து, மசால் வடைப் பொட்டலத்தோடு உன் முகாமுக்குத்தான் வந்தேன். தைரியம் வரவில்லை. வேலிக்கு வெளியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். நீ கையுறையில் ஓர் எலியை ஏந்திக்கொண்டு, "செத்தப் பொறுடா கண்ணா, ஆச்சு" என்றாய். எனக்கு அந்த எலிமேல் பொறாமையாக இருந்தது. உன் முகத்தில் அத்தனை சந்தோஷம். இதையா விடச் சொன்னோம் என்று வெட்கமாகவும் இருந்தது. ஒரு மணிநேரம் பார்த்துக்கொண்டே வடை முழுவதையும் நானே தின்றுவிட்டுத் திரும்பினேன்.

ஜூனில் கேட்டதைத் திரும்பப் பெறுகிறேன். மன்னித்துவிடு.

அனந்த்

கர்ஜத் மலைமுகாம்
20.10.2024

அன்புள்ள அனந்துக்கு,

மாதவ் எதிரிலேயே சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதுவிட்டேன். உண்ணி பிடிக்க நாங்கள் வெள்ளைத் துணியை இழுத்துக்கொண்டு போகிற புல் அது. அதில் சம்மணம் போட்டு வடை தின்றவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான். எனக்கு ஒரு வடைகூட வைக்கவில்லையே என்று கோபம்தான். ஆனாலும் நீ வந்தாய். அதை நினைக்க நினைக்க மனசு நிறைகிறது.

டிசம்பர் வரை யார் காத்திருப்பது? உடம்பு தேறியிருந்தால் அடுத்த ஞாயிறு வந்து என்னைத் தீபாவளிக்கு அழைத்துப் போ. பிறகு எலிகளிடம் திரும்புவேன். சனிக்கிழமைதோறும் உன்னிடம் வருவேன். பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள். வேலியில் கதவு இருக்கிறது, பூட்டு கிடையாது. நேராக உள்ளே வா.

உன்
ஹரிதா